உறங்கும்போது எரியும் நெய்

தமிழில் நெய் என்ற சொல்லுக்கு இன்றிருப்பதைவிட அகலமான பொருள் ஒருகாலத்தில் இருந்தது. வெண்ணெயை உருக்கி எடுப்பது மட்டுமன்றி, எள்ளை ஆட்டி எடுத்ததும் நெய்தான். எள்ளும் நெய்யும் புணர்ந்து எண்ணெய் ஆயிற்று. பின்னர் அந்தச் சொல் தேங்காய்க்கும் கடலைக்கும், ஏன், மண்ணுக்கும்கூடப் பொதுவாகித் தன் எள்ளை மறந்துவிட்டது. பசையும் கொழுப்பும் வழவழப்பும் நெய் என்ற ஓரசைக்குள் அடங்கிக் கிடந்தன. வடமொழியின் ஸ்நேகமோ இன்னும் ஒரு படி மேலே போய், எண்ணெய்ப் பசையையும் அன்பையும் ஒரே சொல்லால் குறித்தது.

எங்கள் ஊரின் பெயரிலும் அந்தச் சொல் இருக்கிறது. நெய்வேலி. பெயர்க்காரண ஆராய்ச்சிக்குள் நாங்கள் போகப்போவதில்லை. மண்ணுக்கடியில் எரிபொருளைப் பொதித்து வைத்திருந்த ஊருக்கு, எரியக்கூடிய ஒன்றின் பெயர் வாய்த்தது சிறுவயதிலிருந்தே எங்களுக்கு ஒரு வியப்பு. அவ்வளவே.

ஆனால் நாங்கள் எழுத வந்தது நிலக்கரியைப் பற்றியன்று. நம் உடம்புக்குள், பெரும்பாலும் நாம் உறங்கும்போது எரிகிற நெய்யைப் பற்றி. அதை எரிக்கும் நொதி ஒன்றைப் பற்றி. அந்த மனித நொதியை மனித உடலுக்கு வெளியே, ஒரு நுண்ணுயிரைக்கொண்டு செய்து பார்த்ததால் தெரியவந்தவை பற்றி. இருப்பினும் நெய்வேலியில் வளர்ந்தவர்களுக்கு எரிதல் என்றாலே அனல்மின் நிலையம்தான் முதலில் நினைவுக்கு வரும். அங்கிருந்தே தொடங்குகிறோம்.

*

கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்று தொடங்கும் எங்கள் ஊரின் கதை. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டிய இடத்தில் பழுப்பு நிலக்கரி தலைகாட்டியது. 1956 நவம்பரில் நிறுவனம் அமைந்தது. 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரிப் படிவம் வெளிச்சம் கண்டது. அடுத்த ஆண்டே, சோவியத் உதவியுடன் கட்டப்பட்ட முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் தரலாயிற்று. 600 மெகாவாட் திறனுக்கு வளர்ந்த அந்த நிலையம் 2020இல் தன் கடைசி அலகையும் நிறுத்திக்கொண்டு ஓய்வு பெற்றது.

எங்கள் அப்பா கொதிகலன் பிரிவில் ஷிப்டு முறையில் வேலை பார்த்தவர். இரவு ஷிப்டுக்குக் கிளம்பும் நாள்களில் நகரியத்தின் வேப்பமரச் சாலையில் அவருடைய சைக்கிள் மணி தேய்ந்து மறைவதைக் கேட்டபடி நாங்கள் உறங்கிப்போவோம். கொதிகலனைப் பற்றி அவர் சொன்னவற்றுள் ஒன்று மட்டும் இன்றும் மறக்கவில்லை: எரிந்துகொண்டிருக்கும்வரை அதற்குக் கரி போதும்; அணைந்துவிட்டால் மறுபடியும் மூட்டுவதற்கு எண்ணெய் வேண்டும், ஆள் வேண்டும், பல மணி நேரம் வேண்டும்.

எங்கள் ஊர்க் கரி வளமான கரியன்று. வெட்டி எடுக்கும்போது அதில் ஏறக்குறைய பாதி ஈரம். ஒரு கிலோவை எரித்தால் சுமார் 2,600 கிலோகலோரி வெப்பம் கிடைக்கும். நம் உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பிலோ கிலோவுக்கு ஏறத்தாழ 9,000 கிலோகலோரி. எடைக்கு எடை, நிலக்கரியைப் போல மூன்று மடங்குக்கும் மேலான எரிபொருளை நாம் ஒவ்வொருவரும் தோலுக்கடியில் சுமந்து திரிகிறோம். கொதிகலனின் அடுப்பில் ஆயிரம் பாகைக்கும் மேலான வெப்பம். உடலிலோ 37 பாகையில், சுடரும் புகையும் இன்றி, அந்தக் கொழுப்பு எரிந்து முடிகிறது. இறுதியில் எஞ்சுவன இரண்டிலும் ஒன்றே: கரியமில வாயுவும் நீரும். நடுவில் நிகழ்வதில்தான் வேறுபாடு எல்லாம்.

*

நடுவில் நிகழ்வதை மனிதர்கள் அறிந்துகொள்ள ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிடித்தது. 1904இல் ஃபிரான்ஸ் நூப் என்ற ஜெர்மானியர், கொழுப்பு அமிலச் சங்கிலிகளின் வாலில் உடலால் எரிக்க முடியாத ஒரு வளையத்தைக் கட்டி நாய்களுக்கு ஊட்டினார். பிறகு அவற்றின் சிறுநீரில் அந்த வளையம் எந்த உருவில் வெளிவருகிறது என்று பார்த்தார். சங்கிலியில் இருந்த கரி அணுக்கள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருந்தால் ஒரு பொருளும், இரட்டைப்படையில் இருந்தால் வேறொரு பொருளும் வந்தன. உடல் கொழுப்பை இரண்டிரண்டு கரி அணுக்களாக நறுக்குகிறது என்று அதிலிருந்து அவர் உய்த்துணர்ந்தார். நொதிகள் எவை என்று தெரியாத காலம் அது. எங்கள் சுரங்கத்தின் பக்கெட் வீல் இயந்திரம் சுழலும்போது ஒவ்வொரு வாளியும் ஓரளவு மண்ணை மட்டுமே அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்த எங்களுக்கு, நூப் கண்ட அந்த ஒழுங்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

1929இல் ஹார்வர்டில் ஃபிஸ்கேயும் எல்லாப்பிரகட சுப்பாராவும் தசையிலிருந்து ஏடிபி என்னும் ஆற்றல் நாணயத்தைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமனும் அதைக் கண்டார். சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பதை இங்கே சொல்லாமல் போவது முறையாகாது. கரி எரிந்து மின்சாரம் ஆவது போல, கொழுப்பு எரிந்து ஏடிபி ஆகிறது. 1940களின் இறுதியில் கென்னடியும் லெனிஞ்சரும் அந்த எரிப்பு எங்கே நடக்கிறது என்பதைக் காட்டினர்: மைட்டோகாண்ட்ரியாவில். தமிழில் இதை இழைமணி என்று எழுதுவோர் உண்டு. கிரேக்கத்தில் அந்தப் பெயரின் பொருளும் இழையும் மணியும்தான். அழகான மொழிபெயர்ப்பு, ஆனாலும் பள்ளியில் படித்த பழக்கத்தில் மைட்டோகாண்ட்ரியா என்றே எழுதுகிறோம்.

உண்டபின் சில மணி நேரம் உடல் சர்க்கரையில் ஓடுகிறது. மிஞ்சிய சர்க்கரையைக் கல்லீரல் கிளைக்கோஜனாகச் சேர்த்துவைக்கும்; வளர்ந்தவர் ஒருவரின் கல்லீரலில் அது சுமார் 100 கிராம் இருக்கும். ஓர் இரவைக் கடத்த அது போதும். குழந்தைக்கு அவ்வளவும் இல்லை. அந்தக் கையிருப்பு கரையக் கரையக் கொழுப்பின் முறை வருகிறது. கொழுப்பு அமிலங்கள் கார்னிடைன் என்னும் ஓடத்தில் ஏறி மைட்டோகாண்ட்ரியாவின் உட்புறம் சேர்கின்றன. அங்கே நான்கு வினைகள் கொண்ட ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கரி அணுக்கள் நறுக்கப்படுகின்றன. 16 கரி அணுக்கள் கொண்ட பால்மிட்டிக் அமிலம் ஏழு சுற்றுகளில் எட்டுத் துண்டுகளாகிறது. அந்தத் துண்டுகளிலிருந்து கல்லீரல் கீட்டோன்களைச் செய்து மூளைக்கு அனுப்புகிறது. பட்டினியின்போது மூளை அணையாமல் இருப்பது இதனால்தான்.

நான்கு வினைகளுள் முதலாவதைச் செய்பவை அசைல்-கோஏ டிஹைட்ரஜனேஸ் என்ற குடும்பத்து நொதிகள். நீண்ட சங்கிலிக்கு ஒன்று, நடுத்தரச் சங்கிலிக்கு ஒன்று, குறுஞ்சங்கிலிக்கு ஒன்று என்று சல்லடைக் கண்களைப் போல அவை அளவுவாரியாக அமைந்திருக்கின்றன. ஆறு முதல் பன்னிரண்டு வரையான கரி அணுக்கள் கொண்ட சங்கிலிகளைக் கையாளும் நடுவாமதைத் தமிழில் நடுச்சங்கிலி நொதி என்போம். இந்தக் கட்டுரையின் நாயகன் அதுதான். அதற்கான மரபணு நம் முதலாம் குரோமோசோமில் இருக்கிறது. 421 அமினோ அமிலங்களாகப் பிறந்து, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழையும்போது அனுமதிச் சீட்டைப் போன்ற முதல் 25ஐக் கழற்றிப் போட்டுவிட்டு, 396 ஆக மடிந்து, நான்கு பிரதிகள் ஒன்றோடொன்று கைகோத்து அது வேலை செய்கிறது.

*

இவையெல்லாம் பாடநூலில் கிடைக்கும். எங்கள் வீட்டுக்குள் இவை வந்தது தங்கையின் மகனால்.

ஒன்றரை வயதில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு முறை வாந்தி எடுத்தான். மாலையில் எதையும் உண்ண மறுத்தான். லங்கணம் பரம ஔஷதம் என்பது எங்கள் அம்மா தம் அம்மாவிடமிருந்து பெற்ற பாடம். காய்ச்சலில் வயிற்றுக்கு ஓய்வு கொடுக்கவேண்டும், வற்புறுத்தி ஊட்டக்கூடாது என்று பல தலைமுறைகளாக நம் வீடுகளில் சொல்லிவந்ததையே அவரும் சொன்னார். ஏழு மணிக்கு உறங்கியவனை விடியலில் எழுப்ப முடியவில்லை. காய்ச்சல் தணிந்திருந்தது. உடம்பு துவண்டிருந்தது. கண் திறந்தவன் யாரையும் பார்க்கவில்லை.

மருத்துவமனையில் முதலில் பார்த்தது இரத்தச் சர்க்கரையை. மிகவும் தாழ்ந்திருந்தது. குளுக்கோஸ் ஏறிய சில மணி நேரத்தில் கண்ணைத் திறந்து அம்மா என்றான். அத்துடன் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். பணியிலிருந்த இளம் மருத்துவர் ஒருவர் மட்டும் சிறுநீரில் கீட்டோன் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இரவு முழுதும் பட்டினி கிடந்த குழந்தையின் சிறுநீரில் கீட்டோன் நிறைந்திருக்கவேண்டும். பெயரளவுக்கே இருந்தது. சர்க்கரை தீர்ந்தபின் நெய் எரியத் தொடங்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

குதிகாலில் குத்தி வடிகட்டித் தாளில் ஊறவைத்த நான்கு சொட்டு இரத்தம் வெளியூர் ஆய்வகத்துக்குப் போயிற்று. நிறைமாலைமானி என்னும் கருவி அதில் எட்டுக் கரி அணுக்கள் கொண்ட சங்கிலி கார்னிடைனில் ஏறியபடியே தேங்கிக் கிடப்பதைக் கண்டது. கன்வேயர் பட்டையில் ஓரிடம் அறுந்தால் கரி எங்கே குவிகிறதோ அந்த இடத்தைப் பார்த்தே பழுது எங்கே என்று சொல்லிவிடலாம் என்பார் அப்பா. எட்டில் குவிந்திருந்தால் பழுது நடுச்சங்கிலி நொதியில்.

இந்நோய் 1980களின் தொடக்கத்தில்தான் தனியாக அடையாளம் காணப்பட்டது. அதற்கு முன்பும் குழந்தைகள் இதனால் இறந்திருக்கிறார்கள். மூளைக்காய்ச்சல் என்றோ, தூக்கத்திலேயே போய்விட்டது என்றோ சொல்லிப் புதைத்திருப்பார்கள். நம் ஊர்களில் எத்தனை தாய்மார்கள் தம் கைராசியையும் பாலையும் கண்ணேறையும் நொந்துகொண்டிருப்பார்கள் என்று எண்ணும்போது, ஒரு நோய்க்குப் பெயர் கிடைப்பதே ஒருவகை விடுதலை என்று தோன்றுகிறது.

*

எங்களில் மூத்தவர் உயிர்வேதியியல் ஆய்வகம் ஒன்றில் பணிபுரிபவர். அவர் கண்டு சொன்னவற்றை இங்கே பொதுவில் எழுதுகிறோம்.

இந்த நொதியை ஆராய்ந்தோர் நெடுங்காலம் பன்றியின் ஈரலையும் சிறுநீரகத்தையும் நம்பியிருந்தனர். கிலோக்கணக்கில் அரைத்துச் சில மில்லிகிராம் பெறவேண்டும். பன்றியின் நொதி மனித நொதிக்கு மிக நெருங்கிய உறவுதான். ஆனால் ஒரு குறிப்பிட்ட குழந்தையின் நொதியில் உள்ள ஓர் எழுத்துப்பிழை என்ன செய்கிறது என்பதைப் பன்றி சொல்லாது. நோயுற்ற குழந்தையின் ஈரலைக் கேட்கவும் முடியாது. 1987இல் மனித நடுச்சங்கிலி நொதியின் மரபணுவாசகம் படியெடுக்கப்பட்டபோது இந்தச் சிக்கலுக்கு வழி பிறந்தது. அந்த வாசகத்தை வட்டமான சிறு டிஎன்ஏ ஒன்றில் தைத்து, ஈ. கோலி என்னும் குடல்வாழ் பாக்டீரியாவுக்குள் செலுத்தலாம். பாக்டீரியாவுக்கு இது மனிதனுடையதா தன்னுடையதா என்ற பேதம் கிடையாது. எழுதியிருப்பதைப் படித்துச் செய்துகொடுக்கும். மனித இன்சுலினை 1978இல் இப்படித்தான் செய்தார்கள். மறுசேர்க்கை நொதி என்று இதற்குப் பெயர்.

இரவெல்லாம் குடுவையில் வளர்ந்த பாக்டீரியாவை உடைத்து, கலவையைச் சல்லடைத் தூண்களின் வழியே இறக்கினால், தூணில் மஞ்சள் நிறப் பட்டை ஒன்று மெல்ல நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நிறமற்ற பெரும்பாலான புரதங்களுக்கிடையே இந்த நொதிக்கு மட்டும் மஞ்சள் நிறம் வரக் காரணம், அது தன் மடியில் ஏந்தியிருக்கும் ஃபிளேவின். பாலிலும் கீரையிலும் உள்ள ரிபோஃபிளேவின் என்னும் பி2 உயிர்ச்சத்திலிருந்து பிறப்பது அது. கொழுப்புச் சங்கிலியிலிருந்து பறித்த ஹைட்ரஜனை முதலில் வாங்கிக்கொள்வதும் அதுவே. எட்டுக் கரிச் சங்கிலியைச் சொட்டாக விட்டால் நொதியின் மஞ்சள் வெளிறும். கூடவே நீலச் சாயம் ஒன்றைச் சேர்த்து வைத்திருந்தால், பறித்த மின்னணுக்கள் கடைசியில் சாயத்துக்குப் போய்ச்சேர, நீலமும் கரையும். அது கரையும் வேகமே நொதியின் வேகம். உறங்கும் குழந்தையின் ஈரலில் நள்ளிரவில் நடப்பது பகல் வெளிச்சத்தில் ஒரு கண்ணாடிக் குப்பியில் நடக்கிறது. எந்தக் குழந்தையும் அதற்காகப் பட்டினி கிடக்கவேண்டியதில்லை.

இதிலிருந்து கிடைத்த அறிவு சிறியதன்று. வட ஐரோப்பிய வழியினரிடம் பரவலாகக் காணப்படும் பிழையில் 304ஆம் இடத்து லைசின் குளுட்டமேட்டாக மாறியிருக்கும். நேர்மின்னூட்டம் இருக்கவேண்டிய இடத்தில் எதிர்மின்னூட்டம். அந்த இடம் வினை நடக்கும் குழிக்குள் இல்லை என்பதால், ஏன் நொதி செயலிழக்கிறது என்பது புதிராகவே இருந்தது. டென்மார்க்கின் ஆர்ஹுஸில் கிரெகர்சனும் பிராஸும் அவர்தம் குழுவினரும் அந்தப் பிழையான மனித நொதியை ஈ. கோலியில் செய்துபார்த்தார்கள். அது சரியாக மடியவில்லை; நான்கும் கைகோக்கவில்லை. புரதம் மடிய உதவும் செவிலிப் புரதங்களைப் பாக்டீரியாவில் கூடுதலாகச் சுரக்கச் செய்தபோது, ஓரளவு மடிந்து நின்றது. 1993இல் வெளிவந்த இந்த ஆய்வின் பொருள்: பிழை கைத்திறனில் இல்லை, நிற்கும் உறுதியில் இருக்கிறது. இத்தகைய நொதிகள் சூட்டுக்கு எளிதில் குலைகின்றன என்பதும் குப்பியில்தான் தெளிவாயிற்று. காய்ச்சல் ஏன் இந்தக் குழந்தைகளுக்கு இருமடங்கு ஆபத்து என்பது இதனால் விளங்கும். அது பசியைக் கெடுக்கிறது. எஞ்சிய நொதியையும் குலைக்கிறது.

எங்கள் குழந்தையின் பிழை வேறு. பரவலான பட்டியலில் இல்லாத ஒன்று. அப்படிப்பட்ட பிழை கண்டால், மரபணு அறிக்கையில் பொருள் தெளிவில்லை என்று எழுதுவார்கள். அந்தப் பிழையோடு நொதியைச் செய்து குப்பியில் பார்த்தாலொழிய அதன் குணம் தெரியாது. ஆகவே இந்தக் குப்பிகள் எங்களுக்கு அறிவியல் வேடிக்கையல்ல.

இன்று இந்த மனித நொதியை மைக்ரோகிராம் கணக்கில் விலைக்கு வாங்கலாம். உறைபனிப் பெட்டியில் வைக்கும் சிறு குப்பி. ஆய்வுக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அன்று என்று அதன்மேல் அச்சிட்டிருக்கும். மனித நொதி, மனிதருக்கு ஆகாது. முதன்முறை படித்தபோது தங்கை அழுதுவிட்டாள். இல்லாத நொதியைச் செய்ய முடிகிறது, குப்பியில் வேலை செய்யவும் செய்கிறது, என் பிள்ளைக்கு ஏன் ஊசியாகப் போடக்கூடாது என்று கேட்டாள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. கோஷே நோய் போன்ற சிலவற்றுக்கு 1990களிலிருந்து நொதியே மருந்தாகத் தரப்படுகிறது. அங்கே நொதி சேரவேண்டிய இடமான லைசோசோம், உயிரணு வெளியிலிருந்து விழுங்குவன சென்றடையும் அறை. மைட்டோகாண்ட்ரியாவோ இரட்டைச் சுவருக்குள் இருப்பது. இரத்தத்தில் ஏற்றிய நொதி அதன் வாசலைக்கூடக் காணாது.

எனவே இத்தனை நுட்பத்துக்குப் பிறகும் மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து, இரவுச் சாப்பாடு. ஆறு மாதம் முதல் ஓராண்டு நிறையும்வரை எட்டு மணி நேரம், இரண்டாம் ஆண்டில் பத்து, அதன்பின் பன்னிரண்டு. இதற்குமேல் வயிறு வெறுமையாக இருக்கக்கூடாது. காய்ச்சலோ வாந்தியோ வந்தால் அந்தக் கணக்கும் செல்லாது. உடனே சர்க்கரைக் கரைசல், அது தங்காவிட்டால் மருத்துவமனை. தேங்காயெண்ணெயிலிருந்து பிரித்து விற்கும் நடுச்சங்கிலிக் கொழுப்புகள், மற்றப் பிள்ளைகளுக்குச் சத்து என்று பெயர் பெற்றவை, இவனுக்கு ஆகா. மற்றபடி எல்லாரையும் போல உண்ணலாம், ஓடலாம், வளரலாம்.

*

அரிய நோய், யாரோ சிலருக்கு வருவது என்று வாசகர்கள் ஒதுக்கிவிடலாம். பிழையற்ற நொதியும் இதேபோல் நின்றுபோகக்கூடும் என்பதற்குப் பீகாரின் முசாஃபர்பூர் சான்று.

1990களின் நடுவிலிருந்து ஆண்டுதோறும் கோடையில், லிச்சி பழுக்கும் மே, ஜூன் மாதங்களில், அங்கே சிறு குழந்தைகள் விடியற்காலையில் வலிப்பு வந்து நினைவிழந்தார்கள். மூளைக்காய்ச்சல் என்று கருதி வைரஸைத் தேடினார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றி ஓய்வுபெற்ற டி. ஜேக்கப் ஜான், தாமே வைரஸ் இயல் அறிஞராக இருந்தும், இது வைரஸ் அன்று என்றார். விடியலில் வருகிறது, இரத்தச் சர்க்கரை தாழ்ந்திருக்கிறது, ஏழைக் குழந்தைகளுக்கே வருகிறது என்று அவர் கவனித்தார். ஜமைக்காவில் பழுக்காத அக்கீப் பழத்தை உண்டவர்களுக்கு வரும் வாந்தி நோய் அவர் நினைவுக்கு வந்தது. அக்கீயில் உள்ள ஹைப்போகிளைசின் உடலில் மாற்றம் பெற்று, எங்கள் நாயகனின் மடியில் உள்ள ஃபிளேவினையே பற்றிக்கொண்டு விடாது. லிச்சி அக்கீயின் குடும்பத்துச் செடி. அதன் விதையில் ஹைப்போகிளைசினின் நெருங்கிய உறவுப்பொருள் ஒன்று இருப்பது முன்பே தெரிந்திருந்தது. 2014இல் அவரும் முகுல் தாஸும் இந்தக் கருதுகோளை வெளியிட்டனர்.

அதே ஆண்டு மே 26 முதல் ஜூலை 17 வரை முசாஃபர்பூரின் இரண்டு மருத்துவமனைகளில் 390 பேர் இந்நோயுடன் சேர்க்கப்பட்டு, 122 பேர் இறந்தனர். அவர்களை ஆராய்ந்த இந்திய, அமெரிக்க நோய்த்தடுப்பு நிறுவனங்களின் முடிவுகள் 2017இல் வெளிவந்தன. பலரின் சிறுநீரில் அந்த நச்சுகளின் சுவடு இருந்தது. லிச்சி தின்ற குழந்தைகளுக்கு ஆபத்து மிகுதி; லிச்சி தின்று, இரவு உண்ணாமல் படுத்த குழந்தைகளுக்கு இன்னும் மிகுதி. அதே தோப்பில் அதே பழத்தைத் தின்ற, வயிறார உண்ட குழந்தைகள் மறுநாள் காலை எழுந்து விளையாடப் போனார்கள். காரணம் குறித்த விவாதம் முற்றும் ஓய்ந்துவிடவில்லை; 2019இலும் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டார்கள். ஆயினும் ஆய்வாளர்கள் தந்த அறிவுரையின் தலையாய வரி, எங்கள் வீட்டுக்கு மருத்துவர் எழுதித்தந்த வரியேதான். குழந்தையை இரவில் பசியோடு படுக்கவிடாதீர்கள்.

*

பசியைத் தீ என்பது நம் மொழியின் பழைய வழக்கம். மணிமேகலையில் காயசண்டிகைக்கு வந்த அடங்காப் பசிக்கு யானைத்தீ என்று பெயர். குப்பியில் நொதியைக் கண்டபின் அந்த உருவகத்தைச் சற்றே திருத்தத் தோன்றுகிறது. பசித்த உடலில் எரியும் தீ அதைக் காக்கும் தீயும்கூட. அந்தத் தீ அணைந்த வயிறுதான் அஞ்சத்தக்கது. அதற்கு வலியில்லை, அழுகையில்லை, உறக்கம் போலவே இருக்கும்.

பழமையில் எல்லாம் இருக்கிறது என்று இதைக்கொண்டு முடிவுகட்டுவது சரியாகாது. வெறும் வயிற்றோடு படுக்காதே என்று சொன்ன அதே மரபுதான் காய்ச்சலுக்குப் பட்டினி போடு என்றும் சொன்னது. முதல் வாக்கு எங்கள் குழந்தைக்கு உயிர், இரண்டாவது நஞ்சு. எது எந்த உடலுக்கு, எத்தனை மணி நேரத்துக்கு என்று பிரித்துச் சொல்ல மரபிடம் கருவி இல்லை. மஞ்சள் குப்பி அந்தக் கருவி. அது யாரையும் நேரே குணப்படுத்தவில்லை. எந்தச் சொல்லைக் கைக்கொள்வது, எதைக் கைவிடுவது என்று காட்டிக்கொடுத்தது. எங்கள் அம்மா இன்று அந்த வடமொழி வாக்கைச் சொல்வதில்லை. பேரனுக்குக் காய்ச்சல் என்றால் குளுக்கோஸ் டப்பாவையும் கடிகாரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அமர்ந்துவிடுகிறார்.

நெய்வேலியிலிருந்து பேருந்தில் அரைமணிக்குள் வடலூர். வள்ளலார் 1867 மே 23ஆம் நாள் அங்கே தருமசாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசித்து வந்தவரின் சாதியையும் சமயத்தையும் கேளாமல் அங்கே சோறிடுகிறார்கள். சிறுவயதில் அந்த அடுப்பை ஓர் அதிசயமாகப் பார்த்தோம். இத்தனை ஆண்டுகளாக அணையாமல் காப்பதை ஒரு விடாப்பிடியான சடங்கு என்றும் இளமையின் துடுக்கில் சிலகாலம் எண்ணினோம். இப்போது அதற்கு மிக எளிய ஒரு பொருள் புலப்படுகிறது. பசித்தவன் எந்த வேளையில் வருவான் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அடுப்பு எந்த வேளையும் எரியவேண்டும். நம் ஈரலுக்குள் அந்தப் பொறுப்பை ஏற்றிருப்பது மைட்டோகாண்ட்ரியா. அதற்கு இயலாதபோது, வெளியில் யாரோ ஒருவர் அடுப்பு மூட்டவேண்டும்.

2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் தொடங்கிய பள்ளிக் காலையுணவுத் திட்டம், மறு ஆண்டில் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. ஒரு குழந்தையின் நாளில் மிக நீண்ட பட்டினி இரவு உணவுக்கும் காலை உணவுக்கும் இடைப்பட்டது என்பதை அறிந்தவர்களுக்கு, அந்த உப்புமாவும் பொங்கலும் வெறும் சலுகையாகத் தெரியா. பிறந்த ஒவ்வொரு குழந்தையின் குதிகாலிலிருந்தும் சில சொட்டு இரத்தம் தாளில் எடுத்துப் பார்க்கும் வழக்கமும் இந்த நாடெங்கும் ஒருநாள் வரவேண்டும். பல நாடுகளில் அது நடைமுறையில் இருக்கிறது. விடியலில் எழாத பிள்ளையை அள்ளிக்கொண்டு ஓடியபின் தெரியவருவதைவிட, பிறந்த வாரத்திலேயே தெரியவருவது மேல்.

தங்கையின் மகன் இப்போது பள்ளிக்குப் போகிறான். அவன் பையில் மடித்துவைத்த ஒரு தாள் உண்டு. சோர்ந்து விழுந்தால் முதலில் சர்க்கரை கொடுங்கள், பிறகு எங்களை அழையுங்கள் என்று தமிழில் எழுதியது. எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றபின் அவன் தானே முதலில் படித்த முழு வாக்கியம் அதுதான்.